கக்கூஸ் குழியில இருந்து கேஸ் வருமோ? திருகோணமலையில புதுசா தொடங்குற ஆக்களுக்கு

2022ல கேஸ் சிலிண்டரை ரோட்டில வரிசையா அடுக்கி வச்சிட்டு விடிய விடிய காவல் இருந்த ஆக்கள் கனபேர், அதுக்குப் பிறகு என்னை எங்க கண்டாலும் கேக்குற கேள்வி இதுதான். வீட்டில கக்கூஸ் குழி நிறைஞ்சு போய்க் கிடக்கு, அதில இருந்து அடுப்புக்கு கேஸ் எடுக்கேலுமோ? ஏலும். ஆனா நீங்க நினைக்கிற அளவுக்கு வராது.

கணக்கைச் சொல்லுறன். ஒரு ஆள் ஒரு நாளைக்குப் போற கழிவில வாற கேஸ் (பயோகேஸ் எண்டு சொல்லுறது) ஏறக்குறைய 25 - 30 லீற்றர். அஞ்சு பேர் உள்ள வீடு எண்டா 150 லீற்றர். சாதாரண ஒரு அடுப்பு ஒரு மணித்தியாலத்துக்கு 350 - 400 லீற்றர் குடிக்கும். அப்ப முழுக் குடும்பமும் சேர்ந்து உழைச்சாலும் அரை மணித்தியாலம் கூட எரியாது, ஒரு கேத்தில் தேத்தண்ணியோட சரி. அதை விட, குழிக்குள்ள வருசக்கணக்காக் கிடக்கிற பழைய சேறு ஏற்கனவே புளிச்சு முடிஞ்ச சாமான், அதில இருந்த கேஸ் எல்லாம் எப்பவோ வென்ட் பைப்பால போயிட்டுது. அதைத் தோண்டி எடுத்து கேஸ் எடுக்கப் பாக்கிறது கரும்புச் சக்கையைத் திருப்பிப் பிழியிற வேலை.

அதால புதுசா வாறவங்களுக்கு நான் சொல்லுறது, குசினிக் கழிவிலயும் சாணியிலயும் தொடங்குங்க. கை பழகின பிறகு கக்கூஸைப் பற்றி யோசிக்கலாம். அது கடைசியில வருது, பொறுங்க.

தாங்கிக்குள்ள என்ன நடக்குது

கழிவைப் புளிக்க வச்சு கேஸ் எடுக்கிற தாங்கி ஒரு மாட்டு வயிறு மாதிரித்தான். காத்துப் படாத இடத்தில ரெண்டு கூட்டம் கிருமி வேலை செய்யுது. முதல் கூட்டம் சோறு கறியை உடைச்சுப் புளிப்பாக்கும், இவங்கள் சரியான வேகம். ரெண்டாவது கூட்டம் அந்தப் புளிப்பைத் திண்டு மீதேன் கேஸ் விடும், இவங்கள் ஆமை வேகம், சூடு குறைஞ்சாலும் மருந்து பட்டாலும் படுத்திடுவாங்கள். முதலாவது ஆக்கள் முந்தி ஓடி ரெண்டாவது ஆக்கள் பின்தங்கினா தாங்கி புளிச்சுப் போகும், கேஸ் நிண்டிடும். புதுசா செய்யிற ஆக்களுக்கு வாற பிரச்சினையில முக்கால்வாசி இது ஒண்டுதான், இதை மட்டும் மண்டையில போட்டு வச்சீங்க எண்டா மிச்சத்தைத் தானா கண்டுபிடிப்பீங்க.

வாற கேஸில மீதேன் 50 - 70 வீதம், மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு, கொஞ்சம் அழுகின முட்டை மணக்கிற ஐதரசன் சல்பைட். கிருமிக்குப் பிடிச்ச சூடு 35 பாகை கிட்ட, அதாவது கன்னியா வெந்நீர் ஊத்தில இருக்கிற ஏழு கிணத்தில ஒரு இளஞ்சூட்டுக் கிணறு மாதிரி. எங்கட ஊர் வெயிலுக்கு தாங்கியைச் சூடாக்க ஒண்டும் செய்யத் தேவையில்ல. குளிர் நாட்டுக்காரன் இதுக்கே கரண்ட் காசு கட்டுறான்.

முதல்ல ஒரு கிழமை நிறுத்துப் பாருங்க

எல்லாரும் முதல்ல தாங்கி வாங்க ஹாட்வெயார் கடைக்கு ஓடுறாங்க. வேணாம். ஒரு வாளியை குசினியில வச்சு ஒரு கிழமைக்கு வாற கழிவை மட்டும் தனியா போட்டு ஒவ்வொரு நாளும் தராசில நிறுங்க. பொலித்தீன் வேற, சாப்பாட்டுக் கழிவு வேற எண்டு பிரிக்கிற பழக்கம் வீட்டில வருதோ எண்டு அப்பத்தான் தெரியும், அது வராட்டி இந்த வேலையே சரிவராது. (எல்லாத்தையும் ஒண்டாக் கட்டி வெளியில வச்சா கோட்டைப் பக்கத்து மான் வந்து பையோட சேத்துத் திங்கிறது தான் மிச்சம்.)

ஈரமான சாப்பாட்டுக் கழிவு ஒரு கிலோவுக்கு 80 - 100 லீற்றர் கேஸ் எதிர்பாக்கலாம். பச்சைச் சாணி எண்டா கிலோவுக்கு 35 - 40 லீற்றர் தான். கனபேருக்கு இது ஆச்சரியம், சாணிதான் கூடத் தரும் எண்டு நினைக்கிறாங்க. மாடு ஏற்கனவே சத்தை எடுத்துட்டுது தானே. சாணியின்ர பெருமை கேஸில இல்ல, அதுக்குள்ள இருக்கிற கிருமியில. உறைமோர் இல்லாமத் தயிர் உறையுமோ, அப்பிடித்தான், மூதூர் கிண்ணியாப் பக்கத்து ஆக்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்ல.

ஒரு நாளைக்கு 5 கிலோ கழிவு கிடைச்சா 450 லீற்றர் மட்டில வரும், ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எரிக்கலாம். ஒரு கன மீற்றர் கேஸ், அதாவது 1000 லீற்றர், சிலிண்டர் கேஸில 450 கிராமுக்குச் சமன். அப்ப மாசத்துக்கு 6 கிலோ, 12.5 கிலோ சிலிண்டரில பாதி. ஆனா நாலு பேர் வீட்டில 5 கிலோ வராது, ஒண்டரை ரெண்டு கிலோதான் வரும். பக்கத்து வீட்டில, சாப்பாட்டுக் கடையில, மரக்கறிக் கடையில கேட்டு எடுக்கோணும். சந்தோசமாத் தருவாங்க, அவங்களுக்கும் கொட்ட இடமில்ல.

மீன் கழிவு எங்கட ஊரில மலை மாதிரி. குடலும் செதிலும் சும்மா கிடைக்குது எண்டு வாளி வாளியா போடாதீங்க. அதில நைதரசன் கூட, அமோனியா ஏறி கிருமி செத்திடும், கேஸும் சரியா நாறும். கரியும் (காபன்) நைதரசனும் 20 - 30க்கு ஒண்டு எண்ட கணக்கில இருந்தாத்தான் கிருமிக்கு நல்லம், சாணி தானாவே அந்தக் கணக்கில இருக்கு. நான் 5 கிலோவுக்கு அரைக் கிலோவுக்கு மேல மீன் போடுறதில்ல, அதுவும் உப்புப் போடாத பச்சைக் கழிவு மட்டும். கருவாட்டுத் தண்ணி, கடல் தண்ணி ரெண்டும் கிட்டவும் வரக்கூடாது. உங்கட கிணறு உவர் எண்டா மழைத்தண்ணியோ பைப் தண்ணியோ பாவிங்க, பைப் தண்ணியில குளோரின் இருக்கும், ஒரு ராவு வாளியில திறந்து வச்சிட்டு ஊத்தினாச் சரி.

தாங்கி

புதுசா தொடங்க நல்லது ரெண்டு பிளாஸ்டிக் தண்ணித் தாங்கி, ஒண்டு 1000 லீற்றர், மற்றது 750. ரெண்டின்ர வாயையும் வெட்டிட்டு சின்னதைக் கவுத்துப் பெரிசுக்குள்ள இறக்கிறது. கேஸ் வர வர சின்னது மேல மிதந்து எழும்பும், எரிக்க எரிக்க இறங்கும். எவ்வளவு கேஸ் இருக்கெண்டு குசினி ஜன்னலாலேயே தெரியும். புனேயில ஆர்டி எண்ட நிறுவனம் சாப்பாட்டுக் கழிவுக்கு எண்டு இப்பிடி ஒரு தாங்கி செய்து 2006ல ஆஷ்டன் விருதும் எடுத்தது, நாங்க செய்யிறது அதின்ர வழியில தான்.

கடைக்குப் போகக்குள்ள அளவு நாடா கொண்டு போங்க. லீற்றர் மட்டும் பாத்து வாங்கினா சில நேரம் சின்னது உள்ளுக்க போகாது, கம்பனிக்குக் கம்பனி அகலம் வேற. சுத்திவர ஒரு அங்குலம் இடைவெளி காணும். கூட விட்டா அந்த இடைவெளியால கேஸ் வீணாப் போகும், குறைச்சா உரஞ்சி இறுகி நிண்டிடும்.

பெரிய தாங்கியில மூண்டு ஓட்டை. கழிவு ஊத்துற 3 அங்குல பைப், அது வெளிப்பக்கமா இறங்கி அடிமட்டத்தில உள்ளுக்க போகோணும், மேல புனல் மாதிரி ஒண்டு. எதிர்ப்பக்கம் மேல் விளிம்பில இருந்து அரை அடி கீழ வெளியேறுற பைப். அடியில ஒரு 2 அங்குல வால்வ், வருசத்துக்கொருக்கா மண்ணும் கல்லும் திறந்து விட. கவுத்த தாங்கியின்ர உச்சியில அரை அங்குல வால்வ், அதில இருந்து அடுப்புக்கு ஹோஸ். ஓட்டையளுக்கு ரப்பர் வொஷர் வச்சுப் பூட்டுற சாமான் இருக்கு, சிலிக்கன் பசையை மட்டும் நம்பாதீங்க, எங்கட வெயிலுக்கு ஒரு கச்சான் காத்துக் காலத்துக்குள்ள வெடிச்சிடும்.

இடம் எண்டா நல்ல வெயில் படுற, குசினியில இருந்து 30 - 40 அடிக்குள்ள உள்ள இடம். குடிதண்ணிக் கிணத்துக்கு, கக்கூஸ் குழிக்குச் சொல்லுற அதே 50 அடி தள்ளி வையுங்க. 1000 லீற்றர் நிறைஞ்சா ஒரு தொன், உப்புவெளி நிலாவெளி மணலில சும்மா வச்சாச் சரியும், கீழ ஒரு கொங்கிறீட் தட்டுப் போடுங்க.

கேஸ் பைப் எங்கயும் தொய்யக்கூடாது. கேஸோட நீராவி வரும், தொய்ஞ்ச இடத்தில தண்ணி கட்டி அடைச்சிடும், அடுப்பு துடிச்சுத் துடிச்சு அணையும். ஆகத் தாழ்ந்த இடத்தில ஒரு டீ (T) மூட்டுப் போட்டு, தண்ணி வடிக்க சின்ன வால்வ் வையுங்க. அடுப்புக்குக் கிட்ட ஒரு போத்தலில பாதி தண்ணி விட்டு கேஸ் அதுக்குள்ளால குமிழிச்சு வாற மாதிரிச் செய்தா நெருப்பு திரும்பி தாங்கிக்குப் போகாது. இதை விட்டிடாதீங்க. தண்ணிக்குள்ள ரெண்டு விரல் ஆழத்துக்கு மேல பைப் போகக்கூடாது, போனா அமுக்கம் காணாது.

மணத்துக்கு, ஒரு பைப் துண்டுக்குள்ள சட்டி தேய்க்கிற இரும்புத் தும்பைத் துருப்பிடிக்க வச்சு அடைச்சா சல்பைட்டைப் பிடிக்கும். கறுத்தாப்போல மாத்துங்க. முழுசா மணம் போகோணும் எண்டு நிக்காதீங்க, லீக் எண்டா மூக்குக்குத் தெரியோணும்.

தொடங்குற நாள்

300 கிலோ பச்சைச் சாணி தேடுங்க. பட்டியில அள்ளுறதில மண் கலந்திருக்கும், காஞ்சதும் இருக்கும், காஞ்சதை விடுங்க. கட்டி வளக்கிற மாட்டுச் சாணி எண்டாத் திறம், ஆனா மாட்டுக்கு அண்மையில ஊசி போட்டிருந்தா அந்தச் சாணி வேணாம், மருந்து உங்கட கிருமியையும் கொல்லும். அளவுக்கு அளவு தண்ணி விட்டுக் கையால கரைச்சு, வைக்கலும் கல்லும் அரிச்சு எடுத்திட்டு ஊத்துங்க. மிச்ச இடத்துக்குத் தண்ணி. கவுத்த தாங்கியை இறக்கக்குள்ள மேல வால்வ் திறந்திருக்கோணும், இல்லாட்டி காத்து அடைச்சு இறங்காது.

பிறகு சும்மா இருக்கோணும். இதுதான் ஆகக் கஷ்டமான படி. ஒரு கிழமை பத்து நாளில தாங்கி எழும்பும், உடன பத்த வச்சுப் பாத்திட்டு எரியேல்ல எண்டு போன் எடுப்பீங்க. முதல் வாறது காத்தும் கரியமில வாயுவும், எரியாது, காத்தும் மீதேனும் கலந்திருந்தா வெடிக்கவும் பாக்கும் (காத்தில மீதேன் 5 - 15 வீதம் இருந்தா வெடிக்கும்). அதை ரெண்டு தரம் முழுசா வெளியில விடுங்க. மூண்டாவது தரம் அடுப்பில பத்த வையுங்க, தாங்கி வால்வில ஒருநாளும் நெருப்புக் காட்டாதீங்க. ரெண்டு கிழமையில இருந்து ஒரு மாசத்துக்குள்ள நீல நெருப்பு வரும்.

தீத்துறது (தாங்கிக்குச் சாப்பாடு போடுறது)

நெருப்பு வந்த பிறகு தான் குசினிக் கழிவு. நாளைக்கு ஒரு கிலோ, நல்லா அரைச்சோ நசிச்சோ, ஒண்டுக்கு ஒண்டரை மடங்கு தண்ணியோட. கிழமைக்கு ஒரு கிலோவாக் கூட்டி 5 கிலோவில நிப்பாட்டுங்க. ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி.

போடக்கூடாதது: தேசிக்காய் தோடம்பழக் கோது, எலும்பு, முட்டைக் கோது, பொச்சு, சிரட்டை, கனக்க எண்ணெய், சவர்க்காரத் தண்ணி, கிருமிநாசினி. சட்டி கழுவுற தண்ணி வேற, அரிசி கழுவுற தண்ணி வேற எண்டு வீட்டில உள்ள ஆக்களுக்குச் சொல்லி வையுங்க.

என்ர கூத்தையும் சொல்லுறன். பக்கத்தில கல்யாண வீடு, மிஞ்சின சோறு 25 கிலோ மட்டில, வீணாப் போகுதே எண்டு ஒரே நாளில ஊத்திட்டன். அடுத்த நாள் தாங்கி உச்சிக்கு எழும்பிச்சு, மனிசிக்கு ஒரே புளுகம், நானும் பெரிய விஞ்ஞானி மாதிரி நிண்டன். பத்த வச்சா அணையுது. எழும்பினது முழுக்கக் கரியமில வாயு. மூண்டாம் நாள் கள்ளுப் புளிச்ச மணம், புளிப்பு அளக்கிற பீஎச் பேப்பர் வச்சுப் பாத்தா 5.5. இருக்க வேண்டியது 6.8 - 7.5. தீத்துறதை முழுசா நிப்பாட்டிட்டு, நாலு வாளி புதுச் சாணியும், விறகுச் சாம்பல் கரைச்ச தண்ணி கொஞ்சம் கொஞ்சமாவும் விட்டு, ஒரு மாசம் சிலிண்டர் கேஸில சமைச்சம். கல்யாணச் சோறு கிடைச்சா வெயிலில காயவச்சு டின்னில போட்டு வையுங்க, ஒரு நாளைக்கு ஒரு பிடி.

அடுப்பு

சிலிண்டர் அடுப்பை அப்பிடியே பூட்டினா எரியாது. அதில இருக்கிற ஜெட் ஓட்டை ஒரு மில்லிமீற்றர் கூட இல்ல, எங்கட கேஸுக்கு வலு குறைவு, அதால ஓட்டை பெரிசா வேணும். 1.5 மில்லிமீற்றரில தொடங்கி எரிச்சுப் பாத்து 2 வரைக்கும் கூட்டலாம். காத்துப் போற வாயை முக்கால்வாசி மூடுங்க. நெருப்பு அடுப்பை விட்டு எழும்பிப் பறந்தா காத்துக் கூட, மஞ்சளா நீண்டா காத்துக் காணாது. துளைச்ச அடுப்பை பிறகு ஒருநாளும் சிலிண்டரில பூட்டாதீங்க, பேய் நெருப்பு வரும். பெயின்ரால எழுதி வையுங்க.

அமுக்கத்துக்குக் கவுத்த தாங்கி மேல பாரம் வைக்கோணும். 35 - 40 கிலோ மணல் மூட்டை சுத்திவர சமனா வச்சா 8 சென்ரிமீற்றர் தண்ணி அமுக்கம் வரும், அடுப்புக்குக் காணும்.

இந்த கேஸை சிலிண்டரில அடைக்கேலுமோ எண்டும் கேக்கிறாங்க. ஏலாது. சிலிண்டர் கேஸ் லேசா அமத்தினாலே தண்ணியாகும், மீதேன் மைனஸ் 82 பாகைக்கு மேல எவ்வளவு அமத்தினாலும் தண்ணியாகாது. வீட்டில கொம்பிரசர் வச்சு முயற்சி செய்யிறது சாவை விலைக்கு வாங்குறது.

இப்ப கக்கூஸுக்கு வருவம்

மேல சொன்ன தாங்கிக்கு கக்கூஸை இணைக்காதீங்க. இடைவெளி திறந்தது, இலையான் இருக்கும், வெளிய வாற தண்ணியை வாளியில அள்ளுவீங்க, மலத்தில இருக்கிற வட்டப்புழு முட்டை தாங்கிக்குள்ள சாகாது. கக்கூஸுக்கு எண்டா நிலத்துக்குள்ள கட்டுற மூடின கூடுதான் சரி, இந்தியாவில 1984ல வந்த தீனபந்து எண்ட கேஸ் கூடு மாதிரி. எங்கட நாட்டில ஜா-எலைக்குக் கிட்ட ஏக்கலையில இருக்கிற நேர்ட் எண்ட அரசாங்கப் பொறியியல் ஆராய்ச்சி நிலையமும் இதில வேலை செய்திருக்கு, வைக்கலை ஒருக்கா அடைச்சா மாசக்கணக்கா கேஸ் தாற உலர் முறை அவங்கட தான், தம்பலகாமம் பக்கத்து வயல்காரர் அதைப் பாக்கலாம்.

கூடு கட்ட அனுபவம் உள்ள மேசன் வேணும், சாதாரண வீடு கட்டுற மேசன் வடிவாக் கட்டுவார், கேஸ் நிக்காது. தோண்டுறது ஆவணி புரட்டாதியில, கிணத்துத் தண்ணி ஆகக் கீழ இருக்கிற நேரம். மழைக்குள்ள தோண்டினா வெறுங்கூடு தண்ணியில மிதந்து வெடிக்கும். சாணியையும் அதுக்கே விடுங்க, கக்கூஸ் மட்டும் எண்டா நைதரசன் கூட. ஹார்பிக் மாதிரி சாமான் கனக்க ஊத்துற கக்கூஸ் சரிவராது. கட்டமுதல் உங்கட பகுதி பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஓட கதையுங்க. வெளிய வாற தண்ணியைத் தென்னைக்கும் வாழைக்கும் நிலத்துக்குக் கீழால விடலாம், கீரைக்கும் வெங்காயத்துக்கும் கூடாது. சாணித் தாங்கித் தண்ணி எண்டா அவ்வளவு பிரச்சினையில்ல, ரெண்டு மடங்கு தண்ணி கலந்து பயிருக்கு அடியில ஊத்தலாம். 2021ல உரம் இல்லாத நேரம் இது எவ்வளவு பெறுமதி எண்டு தோட்டக்காரருக்குத் தெரியும்.

எந்தக் குழிக்குள்ளயும் ஆள் இறங்கக்கூடாது. ஐதரசன் சல்பைட் கூடினா மூக்கு மரத்துப் போகும், மணமே தெரியாது, அடுத்த மூச்சில விழுவீங்க. விழுந்தவனைத் தூக்க எண்டு இறங்கினவனும் சாகிறது தான் வழமை. கயிறு போடுங்க, கத்துங்க, இறங்காதீங்க.

கல்லி பவுசர் (குழியை உறிஞ்சிற லொறி) ஏத்துற பழைய சேறு

அதில கேஸ் இல்லாட்டியும் காயவச்சா எரியும், நல்லாக் காஞ்ச மலச்சேறு விறகளவுக்கு இல்லாட்டியும் நல்ல சூடு தரும். கென்யாவில நகுரு நகரத்தில அதைக் காயவச்சு, காத்தில்லாமச் சுட்டுக் கரியாக்கி, மரத்தூள் கரியோட சேத்து உருண்டையா விக்கிறாங்க. சுட்ட பிறகு மணமும் இல்ல, கிருமியும் இல்ல. இது உள்ளூராட்சி சபையோ பெரிய ஹொட்டலோ செய்யிற வேலை, வீட்டுக்காரர் பவுசரை மறிச்சு முத்தத்தில இறக்கிற வேலையில்ல.

ஆனா அதே வேலையை வேற சாமானில பழகலாம். சிரட்டை, காஞ்ச பனை மட்டை, மரத்தூள் எதையும் மூடி போட்ட பரலில சின்ன ஓட்டை மட்டும் விட்டுச் சுடுங்க. வெள்ளைப் புகை நிண்டு மெல்லிசா நீலமா வந்தாப்போல ஓட்டையை மண்ணால அடைச்சிட்டு அடுத்த நாள் திறங்க, அவசரப்பட்டுத் திறந்தா எல்லாம் சாம்பல். கரியை இடிச்சு, பத்துக் கிலோவுக்கு முக்கால் கிலோ மரவள்ளி மாவைக் கஞ்சியாக் காச்சி ஊத்திப் பிசைஞ்சு, ஒரு பைப் துண்டில இறுக்கி அமத்தித் தள்ளுங்க. கச்சான் காத்துக்கு நாலு நாளில காயும். உமி சேத்தா சாம்பல் கூட விழும், ரீக்கடை அடுப்புக்காரர் ஏசுவாங்க.

வாடைக்கு முதல்

ஐப்பசி பிறக்க முதல் ரெண்டு வேலை. கவுத்த தாங்கியின்ர மேல்பக்கம் பள்ளமா இருக்கும், மழைத்தண்ணி கட்டி நுளம்பு பெருகும், 2017ல கிண்ணியா டெங்குவில பட்ட பாடு தெரியும் தானே, பள்ளத்தை சீமெந்தால நிரவி விடுங்க, அதே சீமெந்து பாரத்துக்கும் உதவும், அந்தளவுக்கு மணல் மூட்டையைக் குறைச்சாச் சரி. மற்றது, தாங்கி வாயில இருந்து மழை உள்ளுக்க ஊத்தாம ஒரு தகரம் கட்டுங்க. தொடர் மழை நாளில கேஸ் குறையும், அதுக்காக கூடத் தீத்தாதீங்க, வழமையா போடுறதில பாதி போடுங்க.